கிரவுன் சுதாகர்

என் தம்பி சுதாகர் எதையெல்லாம் ஜெயித்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கச்சால் தீவில் பிறந்த மூன்றாம் மாதமே மலேரியா வந்தது, பிழைத்துக்கொண்டான். பதினான்கு வயதில், சுனாமியில் கடல் ஊருக்குள் புகுந்த காலையில், ரப்பர் தோட்டத்து மேட்டுக்கு ஓடியவர்களில் கடைசி ஆளாக வந்து சேர்ந்தான், இடுப்பில் எங்கள் வீட்டுக் கோழியோடு. எழுத்து தலையில் ஏறாது என்று ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைவிட்ட பையன், போர்ட் பிளேருக்கு வந்து ஒரு மெக்கானிக் ஷெட்டில் தரை கூட்டச் சேர்ந்தான். ஸ்பேனரில் போட்டிருக்கும் நம்பரைப் படிக்கத் தெரியாதவன், அளவைக் கண்ணால் பார்த்தே சரியான ஸ்பேனரை எடுக்கப் பழகினான். கடைசியில் அந்த ஷெட்டில் தனக்கென்று ஒரு பெஞ்சைச் சம்பாதித்துக்கொண்டான்.

பெஞ்சு என்றால் உட்காருகிற பெஞ்சு இல்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மாட்டிய வேலை மேஜை. அதில் அவன் கருவிகள், அவன் துணி, அவன் டப்பாக்கள். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்பது ஷெட்டில் எழுதாத சட்டம். எழுத்துத் தெரியாத ஒருவனுக்கு இந்தத் தீவில் அப்படி ஓர் இடம் இன்னொன்று கிடைக்காது. இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவனுக்குப் படிப்பு வராததற்குச் சோம்பல் காரணமில்லை. நான் எட்டாவது வரை படித்தவள். சிலேட்டில், மணலில், மாவில் எல்லாம் எழுதிக் காட்டியிருக்கிறேன். "எழுத்து நகருதுக்கா," என்பான். இன்று 'சு' போடுவான், நாளைக்கு அது என்னவென்றே தெரியாது. வங்கியிலும் ரேஷனிலும் கைநாட்டுதான்.

அவன் வேலைக்கு எழுத்து தேவைப்படவில்லை. வண்டியின் பின் அச்சுக்கு நடுவில் உருண்டையாக ஒரு ஹவுசிங் இருக்கும். அதற்குள்தான் டிஃபரன்ஷியல். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்ற, பின் சக்கரங்கள் ஓடும். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வரும். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. இரண்டும் ரொம்ப நெருங்கினால் சூடேறித் தேயும், விலகினால் ஊளையிட்டுப் பல் உடையும். நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். அதை அளக்கும் டயல் கேஜில் உள்ள எண்களைச் சுதாகர் படித்ததில்லை. முள் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று பார்த்து வைத்திருந்தான்.

அப்புறம் சிந்தூரம். சிவப்புச் சிந்தூரத்தை எண்ணெயில் குழைத்து கிரவுன் பல் நாலைந்தில் தடவி, கையால் சுற்றிப் பார்ப்பான். பினியன் பட்ட இடத்தில் சிந்தூரம் விலகி ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. ஓரத்தில் விழுந்தால் எல்லாவற்றையும் கழற்றி, மெல்லிய ஷிம் தகடு ஒன்றை வைத்தோ எடுத்தோ மறுபடி பூட்டிப் பார்ப்பான். ஒரு நாள் முழுக்க இப்படியே போகும். ஷெட்டில் இந்திக்காரர்களும் பெங்காலிகளும் இருந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் சிந்தூரம் வைத்தால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். "கியா சுதாகர், ஆஜ் கிஸ்கீ ஷாதி?" என்று, இன்றைக்கு யாருக்குக் கல்யாணம் என்று, தினமும் கேலி பேசுவார்கள். இவன் சிரித்துக்கொண்டே, பொண்ணு இன்னும் சம்மதிக்கவில்லை என்பான். வடக்கே தூரத்தில் இருக்கும் டிக்லிபூரிலிருந்தும் மாயாபந்தரிலிருந்தும் வண்டிக்காரர்கள் வந்து 'கிரவுன் சுதாகர்' எங்கே என்று கேட்கும்படி ஆனது இப்படித்தான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. வேலை முடிந்த வண்டிக்கு ஜாப் கார்டில் செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். சுதாகரின் வண்டிகளுக்கெல்லாம் பக்கத்துப் பெஞ்சு வினோத்குமார் போட்டான். வினோத் ஐடிஐ படித்தவன், நல்ல பையன். ஷெட் முதலாளி உதயசூரியன் தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவர்தான். வருடக்கணக்காக இது நடந்தது. யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

2022 நவம்பரில் வண்டூர் மணியனின் பிக்கப் வந்தது. மணியன் அங்கே டிங்கிகளைக் கரைக்கு இழுத்துப் போடுகிறவர். டிங்கி என்றால் எங்கள் ஊரில் மோட்டார் வைத்த சிறு படகு. பெயின்ட் அடிக்க, ஓட்டை அடைக்க எந்தப் படகைக் கரையேற்றுவதானாலும் மணியன் வண்டிதான். டிரெய்லரோடு பின்னாலேயே சரிவில் இறக்கி, பின் அச்சு முங்கும் வரை கடலுக்குள் விடுவார். வண்டூர் வரை ஓடி வந்த வண்டியின் ஹவுசிங் கொதித்துக்கொண்டிருக்கும். அதை அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, மேலே உள்ள சின்ன மூச்சுத் துளை வழியாகக் கடல் நீரை உறிஞ்சும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறக்கச் சொல்லி சுதாகர் பலமுறை சொல்லியிருக்கிறான். ஆனால் ஏறி இறங்கும் ஓதம் மணியனுக்காகக் காத்திருக்காது. அவர் நேராக இறக்கிவிடுவார்.

சுதாகர் வடிகால் போல்ட்டைத் திறந்தபோது பால் டீ மாதிரி வந்தது எண்ணெய். பல்லெல்லாம் துரு. கிரவுன், பினியன் ஜோடி, பேரிங், சீல் எல்லாம் புதிதாகச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றான். அண்ணாச்சி சென்னைக் கடைக்குப் போன் போட்டார்.

நான் ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு பார்சல் ஷெட்டில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வரும் பெட்டிகளை ரசீதோடு ஒப்பிட்டு உரியவரிடம் கொடுப்பது என் வேலை. மணியனின் பெட்டியும் என் கையால்தான் போனது. சாயங்காலம் தம்பி வந்து, பெட்டியில் ஸ்பேசர் இல்லை என்றான்.

ஸ்பேசர் என்பது ஓர் இரும்பு வளையம். வளையல் அளவுகூட இருக்காது. பினியனின் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் உட்காரும். நட்டை முறுக்க முறுக்க அது கொஞ்சம் நசுங்கும். நசுங்கி எதிர்த்துத் தள்ளுவதால்தான் நட்டு இறுக்கமாக நிற்கிறது, பினியன் அசையாமல் இருக்கிறது. ஒரு தடவை நசுங்கியதை மறுபடி போட்டால் அதில் எதிர்ப்பு இருக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். இதைவிடச் சின்ன சாமான் அந்த வேலையிலேயே கிடையாது.

அபர்தீன் பஜாரில் ஒரு கடை விடாமல் தேடினோம். இல்லை. சென்னைக்காரன் விமானத்தில் அனுப்பினான். வேறு வண்டிக்கான அளவு வந்தது. திருப்பிக் கேட்டோம். அதற்குள் டிசம்பரில் கடல் கெட்டுவிட்டது. கப்பல் கிளம்பவில்லை, விமானமும் ஒழுங்காக இல்லை. மெயின்லேண்டில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஒரு வளையத்துக்காகக் கப்பல்துறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் காலையில் போய்க் கப்பல் வரவு எழுதும் போர்டைப் பார்ப்பேன். தம்பி சாப்பிட உட்காரும்போது என் முகத்தைப் பார்ப்பான்.

சுற்றுலா சீசன் ஓடிக்கொண்டிருந்தது. மணியன் தினமும் ஷெட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். இந்தப் பையன் என் வண்டிக்குப் பொட்டு வைத்து வைத்தே கிழடாக்கிவிடுவான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். படகுக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள் என்றார். அதுவும் உண்மைதான். அண்ணாச்சி ஒரு நாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார். பிறகு சுதாகரிடம், பழைய ஸ்பேசரையே கொஞ்சம் தட்டி, அடியில் ஒரு தகடு வைத்துப் போடு, இந்தத் தீவில் எல்லாரும் அப்படித்தானே ஓட்டுகிறார்கள் என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கப்பல் வராத ஊரில் பழையதைத் தட்டிப் போடுவதுதான் வழக்கம். புதிது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பிரேக் முதல் பம்பு வரை எத்தனையோ வண்டிகள் இங்கே அப்படித்தான் ஓடுகின்றன. பாதிக்கு மேல் ஒன்றும் ஆவதில்லை.

சுதாகர் முடியாது என்றான். அண்ணாச்சி கோபப்படவில்லை. "சரிப்பா. நீ கையைக் கழுவிக்கோ. வினோத் உன் பெஞ்சுல வச்சுப் பூட்டட்டும்," என்றார்.

இதை அன்று இரவு சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னான். பெஞ்சில் இன்னொரு கை பட்டால் அது அப்புறம் என் பெஞ்சு இல்லை அக்கா என்றான். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டான். கப்பல் நாளைக்கு வரலாம் என்றேன். வரவில்லை.

பழையதைப் போட்டான். போட்டதையும் ஒழுங்காகவே போட்டான். சிந்தூரத் தடம் நடுவில் விழும்வரை மூன்று முறை கழற்றிப் பூட்டினான். மூச்சுத் துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை மேலே இழுத்துக் கட்டினான். வண்டியைக் கொடுக்கும்போது மணியனிடம், ரோட்டில் மட்டும் ஓட்டுங்க, படகு இழுக்காதீங்க, புது வளையம் வந்ததும் போன் பண்ணுவேன், கொண்டு வந்துடுங்க என்று சொன்னான். மணியன் தலையாட்டினார். இதைக் கார்டில் எழுதவில்லை. எழுத அவனால் முடியாது. வினோத் அந்த நேரம் வேறு வண்டிக்கு அடியில் இருந்தான். வெளியே வந்து வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டான்.

ஜனவரி இரண்டாவது வாரம் ஸ்பேசர் வந்தது. நானே பெட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தேன். சுதாகர் மணியனுக்கு மூன்று முறை போன் பண்ணினான். சீசன் முடியட்டும் தம்பி, வண்டி சூப்பரா ஓடுது என்றார்.

அடுத்த வாரம் அந்த வண்டி வண்டூர் சரிவில் ஒரு பெரிய டிங்கியை இழுத்துக்கொண்டு ஏறும்போது பின்னால் ஏதோ வெடித்த மாதிரி சத்தம் வந்ததாம். எஞ்சின் ஓடியது, சக்கரம் ஓடவில்லை. மணியன் பிரேக்கை மிதித்தார். பாசி பிடித்த சிமெண்டில் நின்ற சக்கரத்தோடேயே வண்டி வழுக்கிக் கடலுக்குள் போனது. பின்னால் கயிறு பிடித்துக்கொண்டிருந்தவர் மணியனின் மச்சான் கணபதி. டிரெய்லர் அவர் காலில் ஏறிவிட்டது. கணுக்கால் எலும்பு நொறுங்கியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றும் அவர் கோல் இல்லாமல் நடப்பதில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சுதாகர்தான் ஹவுசிங்கைத் திறந்தான். நட்டு தளர்ந்திருந்தது. பினியன் முன்னுக்கு நகர்ந்து, பல்லின் ஓரத்திலேயே ஓடி ஓடி, நாலு பல் உடைந்து அடியில் கிடந்தது. அவன் அந்தப் பல்லைத் துணியில் துடைத்து வரிசையாகப் பெஞ்சில் வைத்தான் என்று வினோத் எனக்குச் சொன்னான்.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். பழைய ஸ்பேசர் போட்டிருப்பதை உடனே கண்டுபிடித்துவிட்டார். கார்டில் யார் பெயர் என்று பார்த்தார். வினோத்குமார். படகு இழுக்க வேண்டாம் என்று யாரும் தன்னிடம் சொல்லவே இல்லை என்றார் மணியன். மச்சான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வேறு எப்படிச் சொல்வார். பழையதைப் போடச் சொன்னது தான்தான் என்று அண்ணாச்சி சொல்லவில்லை. வேலையைச் செய்தவர் வேறு யாராவது என்றால், தான் அடுத்த முறை வருவதற்குள் அவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் கேஸ் வினோத் பெயரில் போகும் என்று சொல்லிவிட்டு இன்சூரன்ஸ்காரர் போனார்.

வினோத்துக்கு அரசாங்கப் பணிமனையில் ஃபிட்டர் வேலை கிடைக்கிற நிலையில் இருந்தது. பெயர் பட்டியலில் வந்துவிட்டது. இந்தத் தீவில் சர்க்கார் வேலை என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேஸ் வந்தால் அது போய்விடும்.

வினோத்தின் மனைவி கார்த்திகா டெலானிபூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். போகும்போது வாசலில் நின்று, "உங்க தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. பேப்பர்ல அவர் இல்லவே இல்லையே," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள்.

சமையலறையில் இருந்த சுதாகருக்கு அது கேட்டது.

மறுநாள் அவன் அண்ணாச்சியிடம் போய், நான் செய்தேன் என்று எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன் என்றிருக்கிறான். அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டுப் பேசினாராம். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் உன் பெஞ்சு உனக்கு இருக்கும், திறந்தால் உன்னை நான் உள்ளே வைத்திருக்க முடியாது, கம்பெனி வண்டி ஒன்றுகூட அப்புறம் இங்கே வராது என்றார். இவன் பிடிவாதமாக நின்றதும் வேறு ஒன்று சொன்னார். "எழுதப் படிக்கத் தெரியாதவன் கைநாட்டை வச்சு நான் என்ன பண்ண? வினோத்தைக் காப்பாத்த உன்னை ஏமாத்தி வாங்குனேன்னுதான் இன்சூரன்ஸ்காரன் சொல்லுவான். உன் ரேகையாவது விழுமா, அதைப் பாரு."

அதுவும் சரிதான். பல வருடம் இரும்பையும் கியர் ஆயிலையும் தொட்டுத் தொட்டு அவன் கட்டைவிரல் வழவழப்பாகிவிட்டது. ரேஷன் கடை மெஷினில் அவன் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். மையைத் தொட்டு வைத்தால் காகிதத்தில் ஒரு கறுப்புத் திட்டு விழும், அவ்வளவுதான். அதை யாருடையது என்று எப்படிச் சொல்வது.

அன்று சாயங்காலம் ஒரு தகரத் துண்டையும், இரும்பில் கோடு கீறும் ஊசியையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

"என் பேரை இதுல கீறுக்கா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டால் பெஞ்சு போய்விடும். போடாவிட்டால் வினோத்தின் வேலை போய்விடும். கீற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு யார் கீறிக் கொடுத்தாலும் அவன் கற்றுக்கொண்டிருப்பான் என்றும் தெரியும். சின்ன வயதில் எத்தனை நாள் அவனை எழுதச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன், இன்று அவனாகக் கேட்கும்போது எனக்குக் கை வரவில்லை. வேற வழி இருக்காடா என்றேன். இல்லை என்றான். வினோத் வயித்துல மண்ணைப் போட்டுட்டு அந்தப் பெஞ்சுல எப்படிக்கா நிப்பேன் என்றான். நான் நாலு எழுத்தையும் பெரிதாக, இடைவெளி விட்டுக் கீறினேன்.

காகிதத்தில் பேனா அவனுக்கு வழுக்கியது. தகரத்தில் ஊசி வழுக்காது, கைக்கு எதிர்ப்பு கொடுக்கும். நான் கீறிய பள்ளத்திலேயே அவன் ஊசியை ஓட்டினான். திரும்பத் திரும்ப ஓட்டினான். முதலில் அவனுக்கு அது பெயராகத் தெரியவில்லை. ஒரு வளைவு, ஒரு கால், ஒரு புள்ளி என்று உருப்படிகளாகத்தான் தெரிந்தது. 'க' போட்டதும் 'தா' மறந்துபோகும். தகரத்தைத் திருப்பிப் போட்டு, பார்க்காமல் கீறுவான். தப்பு வந்தால் வாய்க்குள் எதையோ சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். உதவிக்கு அவன் கையைப் பிடித்தேன். விடுக்கா, உன் கை வந்தா என் கை மறந்துடும் என்றான். அதற்கப்புறம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செய்ய வேறு எதுவும் இல்லை. இன்சூரன்ஸ்காரர் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இது நடக்கவே கூடாது என்று ஒரு மனம். இவன் தோற்கவே கூடாது என்று இன்னொரு மனம்.

விளக்கத்தை நான்தான் எழுதினேன். அவன் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். அண்ணாச்சி சொன்னதால் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். பூட்டினது என் கை என்றான். மணியனிடம் எச்சரித்ததையாவது எழுதலாம் என்றேன். சொன்னதை எழுது, ஆனா அதைச் சாக்காக எழுதாதே என்றான். அப்படியே எழுதினேன். எழுதி முடித்ததும் இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னான்.

கெடு முடிகிற நாள் காலை அவன் எல்லோருக்கும் முன்னால் ஷெட்டுக்குப் போய்ப் பெஞ்சைக் காலி செய்தான். டயல் கேஜ், ஷிம் தகடுகள், சிந்தூர டப்பா எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வாசலில் வைத்தான். வைஸ் ஷெட்டுடையது. அதைத் துடைத்து எண்ணெய் தடவி விட்டுவிட்டு வந்தான். வினோத் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இன்சூரன்ஸ்காரர் வந்ததும் அண்ணாச்சியின் அறையில் எல்லோரும் நின்றோம். காகிதத்தைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து நீங்க போடப் போறீங்களா?"

"இல்ல சார். தம்பி போடுவான்."

சுதாகர் பேனாவை ஊசி பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தான். அழுத்திய அழுத்தத்தில் காகிதம் பின்பக்கம் புடைத்தது. 'சு' போட்டுவிட்டு நிறுத்தினான். அவன் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த எழுத்து எனக்கு வாய்வரை வந்துவிட்டது, சொல்லவில்லை. பிறகு 'தா' வந்தது, துணைக்காலைக் கொஞ்சம் நீட்டிவிட்டான். அப்புறம் 'க'. கடைசியில் 'ர்', அதன் மேல் புள்ளி. புள்ளியை, துளை போடுமுன் இரும்பில் சென்டர் பஞ்ச் உளியால் குறி குத்துவது போல, ஒரே குத்தாக வைத்தான்.

தேதி போட அவனுக்குத் தெரியாது. அதை நான் போட்டேன்: 17 பிப்ரவரி 2023, வெள்ளிக்கிழமை.